கிளச் தேய்ந்துவிட்டதா? பழைய கார் வாங்க முன்னும், பாரம் ஏற்றி ஓடும்போதும் நீங்களே கண்டுபிடிக்க ஒரு பாடம்



சென்ற குளிர்காலத்தில் ஷெபீல்ட் நகரத்திலிருந்து ஒரு தம்பி எங்களிடம் வந்தார். அகதி அந்தஸ்து கிடைத்துச் சில மாதங்கள்தான். நகரத்துக்கு வெளியே ஒரு வெயார்ஹவுஸில் இரவு வேலை. அந்த நேரத்தில் பஸ் இல்லை. சேர்த்து வைத்த 900 பவுணைக் கொடுத்து, கார் விற்கும் இடமொன்றில் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினார். 90,000 மைல் ஓடிய கார். விற்பதற்கு ஒரு கிழமைக்கு முன்புதான் எம்.ஓ.ரி. எடுத்திருந்தார்கள். கூட வேலை செய்யும் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு, ஷெபீல்டின் ஏற்றங்களில் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கினார்.

மூன்றாவது கிழமை ஒரு ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, கார் நகரமாட்டேன் என்கிறது. கருகின மணம் வேறு. பக்கத்திலிருந்த கராஜுக்குக் கொண்டுபோனார். அவர்கள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கிளச்சும் போச்சு, கியர்பொக்ஸும் போச்சு, 1,400 பவுண் வரும்" என்றார்களாம்.

"எம்.ஓ.ரி. பாஸ் பண்ணின கார்தானே அண்ணை, மூண்டு கிழமையில எப்பிடி இப்பிடி ஆகும்?" எண்டு கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்தப் பாடம் அந்தக் கேள்விக்கான பதில்தான். நீங்கள் மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. கார் ஓட்டத் தெரியாதவர்கூட, பக்கத்து சீற்றில் இருந்துகொண்டே இதைக் கண்டுபிடிக்கலாம்.

1. எம்.ஓ.ரி. கிளச்சைப் பார்ப்பதில்லை

பிரித்தானியாவில் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வருடம் ஒருமுறை எம்.ஓ.ரி. சோதனை செய்ய வேண்டும். வட அயர்லாந்தில் மட்டும் நாலாவது வருடத்தில்தான் தொடங்குகிறது. பிரேக், ரயர், லைற், ஸ்ரீயரிங், சீற் பெல்ற், புகை இவற்றையெல்லாம் பார்ப்பார்கள். ஆனால் எஞ்சின், கிளச், கியர்பொக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்பது இந்தச் சோதனையில் சேர்வதில்லை. அரசாங்கமே இதைத் தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே நேற்று எம்.ஓ.ரி. எடுத்த காரின் கிளச் நாளைக்கே போகலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. "புது எம்.ஓ.ரி. இருக்கு" என்று சொல்லி விற்கும்போது, கிளச்சைப் பற்றி ஒன்றுமே சொல்லப்படவில்லை என்றுதான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரின் பழைய எம்.ஓ.ரி. விபரங்களை அரசாங்க இணையத்தளத்தில் நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல் ஓடியது என்று அதில் இருக்கும். ஒரே வருடத்தில் 25,000, 30,000 மைல் ஓடியிருந்தால், அந்தக் கார் வேலைக்குப் பாவிக்கப்பட்டதா என்று கேளுங்கோ.

2. கிளச் என்ன வேலை செய்கிறது?

எஞ்சின் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில்லு சில நேரம் நிற்க வேண்டும், சில நேரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் இடையில் பிடிக்கவும் விடவும் ஒரு கை தேவை. அந்தக் கைதான் கிளச்.

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பாரமான இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அது பிளைவீல். அதற்கு எதிரே கிளச் பிளேட். இதன் இரண்டு பக்கமும் பிரேக் பாட்டில் இருப்பது போன்ற உராயும் பொருள் ஒட்டப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால், பலமான ஸ்பிரிங் உள்ள பிரஷர் பிளேட். ஸ்பிரிங் அழுத்த, கிளச் பிளேட் நடுவில் இறுகிக்கொள்ளும். எஞ்சினின் சக்தி சில்லுக்குப் போகும். நீங்கள் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பெயரிங் என்ற சாமான் ஸ்பிரிங்கைத் தள்ளும். பிடி விடும்.

உராயும் பொருளின் மொத்தம் ஒவ்வொரு பக்கமும் சில மில்லிமீற்றர்தான். அது தேய்ந்துகொண்டே வரும். கடைசியில் அதைப் பிடித்து வைத்திருக்கும் றிவெற் ஆணிகள் வெளியே தெரியும். அப்போது கிளச் முடிந்தது.

எவ்வளவு காலம் உழைக்கும்? கவனமாக ஓட்டினால் ஒரு லட்சம் மைலும் தாண்டலாம். மோசமாக ஓட்டினால், பாரம் ஏற்றி நெரிசலில் ஓடினால், அதில் பாதிக்கும் குறைவாகவே போய்விடலாம். மைலை மட்டும் வைத்து முடிவு சொல்ல ஏலாது.

3. பாரம் ஏன் கிளச்சைத் தின்கிறது?

கிளச் முழுதாகப் பிடித்திருக்கும்போது தேய்வதில்லை. முழுதாக விட்டிருக்கும்போதும் தேய்வதில்லை. பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் இருக்கும் அந்தச் சில வினாடிகளில்தான் தேய்கிறது. அப்போது சூடு உண்டாகிறது. கார் புறப்பட்டு, கிளச் முழுதாகப் பிடிக்கும்வரை, கார் எவ்வளவு ஓட்ட சக்தியைப் பெறுகிறதோ ஏறத்தாழ அதே அளவு சக்தி கிளச்சுக்குள்ளே சூடாக மாறுகிறது. இது தட்டையான ரோட்டில். ஏற்றத்தில் இன்னும் கூட.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1,000 கிலோ கார். ஓட்டுபவர் 70 கிலோ. மொத்தம் 1,070. அதே பாரமுள்ள இன்னும் நாலு பேர் ஏறினால் 1,350. அதாவது காற்பங்கு பாரம் கூடிவிட்டது. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் சூடும் அந்த அளவால் கூடும். நெரிசலில் ஒரு மணித்தியாலத்தில் நூறு தடவை நின்று புறப்பட்டால், நூறு தடவையும் கூடும்.

இன்னொரு பழக்கம். சிலர் இரண்டாவது கியரில் புறப்படுவார்கள். முதலாவது கியரோடு ஒப்பிடும்போது கிளச்சில் உண்டாகும் சூடு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஊரில் சமதரையில் வானோ லொறியோ ஓட்டிப் பழகிய கை இதைத் தெரியாமலே செய்யும். இங்கே சின்ன எஞ்சின், பெரிய ஏற்றம், உள்ளே ஐந்து பேர். அதனால்தான் கிளச் கெதியாகப் போகிறது.

4. நாலு விதமான வருத்தம்

கிளச் பழுது என்றால் ஒரே ஒரு பழுது அல்ல. நாலு விதம் உண்டு. நாலுக்கும் செலவு வேறு வேறு. இதைப் பிரித்து அறிந்தாலே பாதிப் பணம் மிச்சம்.

அ) வழுக்கல். எஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. முதலில் ஏற்றத்திலும், பாரத்தோடும், 4ஆம் 5ஆம் கியரிலும்தான் தெரியும். கருகின மணம் வரலாம். பெற்றோல் செலவு கூடும். இதுதான் உண்மையான தேய்வு. பெரும்பாலும் கிளச்சை மாற்றத்தான் வேண்டும்.

ஆ) விடாமை. பெடலை அடிமட்டும் மிதித்தாலும் பிடி முழுதாக விடுவதில்லை. கியர் விழக் கஷ்டம். றிவேர்ஸ் போடும்போது கறகற என்ற சத்தம். இது எப்போதும் தேய்வு அல்ல. கேபிள் இழுபட்டிருக்கலாம், அல்லது எண்ணெய் ஒழுகிக் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். சில நேரம் சின்னச் செலவில் முடியும்.

இ) நடுக்கம். புறப்படும்போது கார் உதறும். கிளச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது பிளைவீல் சூட்டினால் பழுதாகியிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் உடைந்தாலும் இதே நடுக்கம் வரும். அது கிளச்சை விட மலிவு.

ஈ) சத்தம். பெடலை மிதிக்கும்போது கிரீச் என்ற சத்தம் வந்தால் ரிலீஸ் பெயரிங்கைச் சந்தேகியுங்கள். மிதிக்காதபோது சத்தம் வந்து, மிதித்தவுடன் நின்றால், கியர்பொக்ஸின் உள்ளே இருக்கும் பெயரிங்காக இருக்கலாம். இந்த வித்தியாசத்தை நல்லா ஞாபகம் வைத்திருங்கோ.

5. நீங்களே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

ஒரு எச்சரிக்கை முதலில். உங்களுக்கு லைசன்ஸ் இல்லாவிட்டால், அல்லது அந்தக் காரை ஓட்டக் காப்புறுதி இல்லாவிட்டால், சோதனைக்குக்கூட ஓட்ட வேண்டாம். விற்பவரை ஓட்டச் சொல்லுங்கோ. நீங்கள் பக்கத்தில் இருந்து முள்ளைப் பாருங்கோ, காதைக் கொடுங்கோ. அது போதும்.

சோதனை 1: பெடல் எங்கே பிடிக்கிறது? எஞ்சினை ஸ்ராட் செய்து, முதலாவது கியரில் பெடலை மெதுவாக விடுங்கள். பாதி வழியில் பிடித்தால் நல்லது. பெடல் ஏறக்குறைய முழுதும் மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் தேய்வின் அறிகுறி. ஆனால் இதை மட்டும் நம்பவேண்டாம். எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் கிளச்சில், தேய்வைத் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் பெடலில் வித்தியாசம் தெரியாமலே கிளச் முடிந்திருக்கும்.

கேபிள் உள்ள பழைய கார் என்றால் இன்னொன்றும் பாருங்கோ. பெடலை விரலால் அழுத்தும்போது தொடக்கத்தில் கொஞ்சம் இலகுவாக அசைய வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கேபிள் எந்நேரமும் கிளச்சைச் சற்றே இழுத்து வைத்திருக்கும். அதனாலேயே வழுக்கும். கேபிளைச் சரிசெய்தால் சில நேரம் வழுக்கல் நின்றுவிடும். கிளச் மாற்ற முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கோ. சில கார்களில் கேபிள் தானாகவே சரிசெய்துகொள்ளும். அவற்றில் இந்த இடைவெளி இராது.

சோதனை 2: நின்ற இடத்தில். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நிற்கக்கூடாது. ஹாண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். வலது காலால் பிரேக்கை நன்றாக மிதித்திருங்கள். 4ஆம் கியரைப் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் மோசமாக வழுக்குகிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நீங்களே கிளச்சைச் சூடாக்குவீர்கள்.

எஞ்சின் நின்றுவிட்டது என்பதற்காக கிளச் நல்லது என்று முடிவு செய்யாதேயுங்கோ. மிக மோசமான கிளச்சை மட்டும்தான் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். பாரத்தில் வழுக்கும் கிளச்கூட இதில் பாஸாகிவிடும்.

சோதனை 3: ரெவ் கணக்கு. இதுதான் முக்கியமான சோதனை. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் முள்ளை ரெவ் மீற்றர் என்போம். ஒரு கியரில் கிளச் முழுதாகப் பிடித்திருந்தால், வேகமும் ரெவ்வும் ஒரே விகிதத்தில்தான் கூடும். உதாரணமாக 4ஆம் கியரில் 30 மைல் வேகத்தில் 1,800 காட்டினால், 40 மைலில் 2,400 காட்ட வேண்டும். ஏற்றமோ இறக்கமோ, ஒரு ஆளோ ஐந்து ஆளோ, இந்த எண் மாறாது. மாற முடியாது.

முதலில் பத்து நிமிடம் ஓடிக் காரைச் சூடாக்குங்கள். சமதரையில், 4ஆம் கியரில், 30 மைலில் எவ்வளவு காட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். பிறகு வாகனம் குறைந்த ஒரு ஏற்றத்தில், வேக எல்லைக்குள், அதே கியரில் அக்சிலேற்றரை நன்றாக மிதியுங்கள். 30 மைலிலேயே முள் 1,800 இலிருந்து 2,500, 3,000 என்று துள்ளினால் கிளச் வழுக்குகிறது. வேறு விளக்கம் தேவையில்லை. டீசல் கார்களில், 2,000 அளவில் எஞ்சினுக்கு நல்ல இழுவை வருவதால், அந்த இடத்திலேயே துள்ளுவதைப் பார்க்கலாம்.

விற்பவர் தனியாக ஓட்டிக் காட்டுவதும் நீங்கள் ஐந்து பேரோடு ஏற்றத்தில் ஓடுவதும் ஒன்றல்ல. முடிந்தால் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எல்லோரும் ஏறி இருந்து சோதியுங்கள். நீங்கள் பாவிக்கப் போவது போலத்தான் சோதிக்க வேண்டும்.

சோதனை 4: றிவேர்ஸ். எஞ்சின் ஓடும்போது பெடலை அடிமட்டும் மிதித்து, மூன்று வினாடி பொறுத்து, றிவேர்ஸ் போடுங்கள். கறகற என்றால் கிளச் முழுதாக விடவில்லை. இப்போது பெடலைக் கெதியாக மூன்று நாலு தடவை மிதித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். இந்தமுறை இலகுவாக விழுந்தால், எண்ணெய் ஒழுக்கு அல்லது குழாயில் காற்று. பொனற்றைத் திறந்து எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பாருங்கோ. பல கார்களில் பிரேக் எண்ணெயும் கிளச் எண்ணெயும் ஒரே போத்தல்தான். ஆகவே இந்த ஒழுக்கைச் சும்மா விடக்கூடாது. அது பிரேக் சம்பந்தமான விஷயமும்கூட.

சோதனை 5: காது. கியர் போடாமல், எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்தும் விட்டும் கேளுங்கோ. எப்போது சத்தம் வருகிறது, எப்போது நிற்கிறது என்று எழுதி வையுங்கோ.

6. கிளச் போலக் காட்டும் வேறு பழுதுகள்

ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை, ஆனால் எஞ்சினும் கத்தவில்லை, இரண்டும் சோர்ந்து போகின்றன என்றால் அது கிளச் அல்ல. எஞ்சினுக்குத்தான் பலம் இல்லை. காற்று பில்ரர், எரிபொருள் பில்ரர், ரேர்போ போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

கருகின மணம் வந்தால் இறங்கிச் சில்லுகளுக்குக் கிட்டப் போய் மணந்து பாருங்கோ. ஒரு சில்லில் மட்டும் சூடும் மணமும் இருந்தால் பிரேக் இறுகிப்போயிருக்கிறது. சில்லைத் தொடவேண்டாம், சுட்டுவிடும். நாலு சில்லும் சாதாரணமாக இருந்து, எஞ்சின் பக்கத்திலிருந்து மணம் வந்தால் கிளச்.

ஒரே ஒரு தடவை, கஷ்டமான ஏற்றத்தில் மணம் வந்து, ஆறவிட்ட பிறகு ரெவ் கணக்குச் சரியாக இருந்தால், கிளச் தப்பியிருக்கலாம். அடுத்த சில நாள் கவனியுங்கள். ஆறின பிறகும் வழுக்கினால் இனித் திருந்தாது. தொடர்ந்து ஓட்டினால் பிளைவீலும் பழுதாகும், செலவு இரட்டிக்கும். மோட்டார்வேயில் இழுவை முற்றாகப் போனால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

7. கராஜில் என்ன சொல்வது, என்ன கேட்பது?

கிளச் மாற்ற, முதலில் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும். சாமானின் விலையை விடக் கூலி பெரிது. அதனால் கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதுதான் வழக்கம். இதைக் கேட்டு, "தேவையில்லாமல் மூன்றையும் மாற்றுகிறார்" என்று சந்தேகப்பட வேண்டாம். சாதாரண சின்னக் காருக்குச் சில நூறு பவுண் வரும். பல டீசல் கார்களில் டூயல் மாஸ் பிளைவீல் என்ற விலை கூடிய சாமான் இருக்கும். அதையும் மாற்றினால் ஆயிரம் பவுணைத் தாண்டலாம். கார் வாங்க முன்னரே இந்தக் காரில் எந்த வகைப் பிளைவீல் என்று கேட்டு வையுங்கோ.

ஆங்கிலம் இன்னும் சரியாக வராவிட்டால் இந்த வசனங்களைப் பாடமாக்குங்கோ:

"த கிளச் இஸ் ஸ்லிப்பிங்." கிளச் வழுக்குகிறது.

"இட் இஸ் ஹார்ட் டு கெட் இன்டு கியர்." கியர் விழக் கஷ்டமாக இருக்கிறது.

"த நோய்ஸ் ஸ்ராட்ஸ் வென் ஐ பிரெஸ் த பெடல்." பெடலை மிதிக்கும்போது சத்தம் தொடங்குகிறது.

"பிளீஸ் கிவ் மீ எ ரிற்றன் குவோற், வித் வி.ஏ.ரி." வரியோடு சேர்த்து விலையை எழுதித் தாருங்கள்.

"பிளீஸ் டோன்ற் டூ எனி எக்ஸ்ட்ரா வேர்க் வித்தவுட் ஆஸ்கிங் மீ." என்னைக் கேட்காமல் மேலதிக வேலை செய்ய வேண்டாம்.

"பிளீஸ் கீப் த ஓல்ட் பார்ட்ஸ் ஃபோர் மீ." பழைய சாமான்களை எனக்காக எடுத்து வையுங்கள்.

கடைசி வசனம் முக்கியம். பழைய பிளேட்டை உங்கள் கண்ணால் பாருங்கோ. றிவெற் ஆணி வரை தேய்ந்திருக்கிறதா? எண்ணெய் பட்டிருக்கிறதா? எண்ணெய் பட்டிருந்தால் எங்கோ ஒரு சீல் ஒழுகுகிறது. அதை மாற்றாமல் புதுக் கிளச் போட்டால் அதுவும் போய்விடும். கியர்பொக்ஸ் கழற்றியிருக்கும் நேரத்தில் அந்தச் சீல் மாற்றுவது சின்ன வேலை.

குறைந்தது இரண்டு கராஜில் விலை கேளுங்கோ. "கியர்பொக்ஸும் போச்சு" என்று சொன்னால், எந்த அறிகுறியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கோ.

8. விற்றவரிடம் உங்கள் உரிமை

காரைத் தொழிலாக விற்பவரிடம் வாங்கினீர்களா, தனியாளிடம் வாங்கினீர்களா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு.

தொழிலாக விற்பவர் என்றால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி கார் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். வயது, விலை, ஓடிய மைல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தே தரத்தைத் தீர்மானிப்பார்கள். பழுதான காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். அதற்குப் பிறகு, முதல் ஆறு மாதத்துக்குள், திருத்தித் தரும்படி கேட்கலாம். அந்த ஆறு மாதத்தில் வெளிவரும் பழுது வாங்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். ஆனால் பழைய காரில் வழமையான தேய்வுக்கு இடம் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் வெல்லலாம் என்று எண்ண வேண்டாம்.

தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் சொன்னபடி கார் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் "கிளச் எப்படி, எப்போது மாற்றினீர்கள்?" என்று ரெக்ஸ்ட் மெசேஜில் கேட்டு, பதிலை அழிக்காமல் வையுங்கோ. விளம்பரத்தையும் படம் எடுத்து வையுங்கோ.

9. கிளச்சைக் காப்பாற்றும் பழக்கங்கள்

ஏற்றத்தில் நிற்கும்போது ஹாண்ட் பிரேக்கைப் போடுங்கள். கிளச்சைப் பாதி பிடித்துக் காரைத் தாங்கி நிற்கவே வேண்டாம். ஒரு சிவப்பு லைற் முழுவதும் அப்படி நிற்பது, பல தடவை புறப்படும் தேய்வை ஒரே முறையில் தருகிறது.

எப்போதும் முதலாவது கியரில் புறப்படுங்கள். ஓடும்போது இடது காலைப் பெடலில் வைக்காமல் தரையில் வையுங்கோ. ஏற்றத்தில் கார் திணறினால் அக்சிலேற்றரை அமத்தாமல், கியரைக் குறையுங்கள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊராமல், கொஞ்சம் இடைவெளி வந்த பிறகு ஒரேயடியாக நகருங்கள்.

காரின் கதவுத் தூணிலோ பொனற்றுக்குள்ளோ ஒரு தகட்டில் அதிகூடிய மொத்தப் பாரம் எழுதியிருக்கும். ஐந்து பேர் ஏறி, பின்னால் அரிசி மூட்டைகளையும் ஏற்றினால் அந்த அளவைத் தாண்டிவிடலாம். அது கிளச்சுக்கு மட்டும் அல்ல, சட்டத்துக்கும் பிழை. சீற் பெல்ற் எத்தனையோ அத்தனை பேர்தான்.

10. ஓட்ட முன் ஒரு வார்த்தை

இது கிளச் பற்றிய பாடம்தான், என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கை லைசன்ஸில் பிரித்தானியாவில் ஓட்டுவதற்கு, இங்கே குடியிருக்கத் தொடங்கியதிலிருந்து 12 மாத எல்லை உண்டு. உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் இதைப் பாதிக்கும். ஆகவே ஓட்ட முன் உங்கள் சொலிசிற்றரிடமோ எங்களிடமோ கேளுங்கோ. காப்புறுதி இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் பொலிஸ் காரை எடுத்துக்கொண்டு போகலாம். அபராதமும் வரும்.

வேலைக்குப் போய்வரப் பாவிப்பதானால் அதைக் காப்புறுதியில் சொல்ல வேண்டும். எல்லாக் காப்புறுதியும் அதை உள்ளடக்குவதில்லை. கூட வருபவர்கள் பெற்றோல் காசைப் பகிரலாம். அதில் இலாபம் எடுத்தால் வாடகைக் கார் ஆகிவிடும், காப்புறுதி செல்லாது.

வேலை அனுமதி இல்லாதவர்கள் வேறொருவரின் பெயரிலோ கணக்கிலோ சாப்பாட்டு டெலிவரி செய்ய வேண்டாம். "எல்லோரும் செய்யினம்தானே" என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். பிடிபட்டால் பாதிக்கப்படுவது உங்கள் வழக்கு.

11. அந்தத் தம்பியின் கார் என்ன ஆனது?

அவர் எங்களிடம் வந்தது கார் வாங்கிய 24ஆம் நாள். காரில் ஏறிப் பார்த்தோம். றிவேர்ஸ் அமைதியாக விழுந்தது. எந்தக் கியரிலும் சத்தம் இல்லை. பெடலை மிதித்தாலும் விட்டாலும் சத்தம் இல்லை. ஆனால் ஏற்றத்தில் 4ஆம் கியரில், வேகம் அப்படியே இருக்க, முள் ஆயிரத்துக்கு மேல் துள்ளியது. ஆகவே கிளச் வழுக்குகிறது, கியர்பொக்ஸைச் சந்தேகிக்க ஒரு காரணமும் இல்லை.

விற்றவருக்கு 26ஆம் நாள் கடிதம் எழுதினோம். எந்த நாள் வாங்கியது, என்ன பழுது, எப்படிச் சோதித்தோம், சட்டத்தின்படி காரைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதினோம். "பழைய கார் எண்டால் இப்படித்தான்" என்று முதலில் சொன்னார். பிறகு, காரைத் திருப்பி எடுப்பதை விடத் திருத்தித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். தம்பியும் சம்மதித்தார். கியர்பொக்ஸைக் கழற்றியபோது பிளேட் றிவெற் வரை தேய்ந்திருந்தது. கியர்பொக்ஸில் ஒரு பழுதும் இல்லை.

1,400 பவுண் கொடுத்திருந்தால் அது அவருடைய இரண்டு மாத வாடகைக்கு மேல். இன்னும் ஒரு கிழமை யோசித்துக்கொண்டிருந்தால் 30 நாளும் போயிருக்கும். இப்போதும் அதே காரில்தான் வேலைக்குப் போகிறார். லைற்றில் நிற்கும்போது ஹாண்ட் பிரேக் போடுகிறாராம்.

12. மீட்டுப் பார்ப்போம்

கேள்விகளை முதலில் நீங்களே யோசியுங்கள். நண்பர்களோடு இருந்து பேசிப் பார்த்தால் இன்னும் நல்லம்.

கேள்வி 1: விற்பவர் "நேற்றுத்தான் எம்.ஓ.ரி. பாஸ், கிளச் பிரச்சினை இல்லை" என்கிறார். என்ன சொல்வீர்கள்?
பதில்: எம்.ஓ.ரி. கிளச்சைச் சோதிப்பதில்லை. ஏற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொல்வேன்.

கேள்வி 2: 5ஆம் கியரில் 50 மைலில் 2,500 காட்டிய கார், ஏற்றத்தில் அதே கியரில், அதே வேகத்தில் 3,200 காட்டுகிறது. என்ன பழுது?
பதில்: கிளச் வழுக்குகிறது.

கேள்வி 3: கியர் விழக் கஷ்டம். பெடலைப் பலமுறை மிதித்தால் விழுகிறது. கிளச் பிளேட்டை உடனே மாற்ற வேண்டுமா?
பதில்: இல்லை. முதலில் எண்ணெய் ஒழுக்கையும் காற்றையும் பார்க்க வேண்டும்.

கேள்வி 4: ஏற்றத்தில் எஞ்சினும் கத்தவில்லை, காரும் இழுக்கவில்லை. கிளச்சா?
பதில்: இல்லை. எஞ்சின் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி 5: கார் விற்கும் இடத்தில் வாங்கி 20 நாள். கிளச் வழுக்குகிறது. முதலில் என்ன செய்வீர்கள்?
பதில்: திருத்தக் காசு கொடுக்க முன், வாங்கிய திகதியைப் பார்த்து, விற்றவருக்கு எழுத்தில் அறிவிப்பேன்.

காருக்குக் காசு கொடுக்க முன் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கோ. பழுது வந்துவிட்டால் தனியே யோசித்துக்கொண்டிராமல், ரசீதையும் கராஜ் தந்த விலையையும் எடுத்துக்கொண்டு எங்கள் ஆலோசனை நேரத்தில் வாருங்கோ. கடிதம் எழுத நாங்கள் உதவி செய்வோம்.